அரிய சின்ட்ரோம் உள்ள குழந்தையின் வளர்ச்சியை அளப்பதும் பதிவதும்: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்தபோது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. சில்வர்-ரஸ்ஸல் சின்ட்ரோம் என்று மருத்துவர் தாளில் எழுதிக் காட்டினார். பிறக்கும்போதே எடையும் நீளமும் குறைந்திருப்பது, பிறந்த பின்னும் வளர்ச்சி பின்தங்குவது, உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிதாகத் தெரிவது, முன்நெற்றி புடைத்திருப்பது, உணவில் நாட்டமில்லாமை, உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றுச் சிறுத்திருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள் என்று விளக்கினார். அதன் பின் அவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. இதுவரை எடுத்த அளவுகளைக் காட்டுங்கள் என்றார். எங்களிடம் இருந்தவை பிறந்த எடை எழுதிய ஒரு சீட்டும், தடுப்பூசிப் புத்தகத்தின் ஓரத்தில் தேதியில்லாமல் குறித்த மூன்று எடைகளும் மட்டுமே. அன்று பெரம்பூருக்குத் திரும்பும் வழியில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினோம். அந்த நோட்டில் ஆண்டுக்கணக்கில் எழுதிக் கற்றுக்கொண்டதைத்தான், இதே நிலையில் இன்று புதிதாக நிற்கும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்கும் ஓர் அளவு ஏறக்குறைய எதையும் சொல்லாது. ஒரே முறையில், ஒரே கருவியில், தேதியோடு எடுத்த பல அளவுகள் சேர்ந்து ஒரு கோடாகும்போதுதான் மருத்துவரால் அதைப் படிக்க முடியும். அந்தக் கோட்டை ஒழுங்காக உண்டாக்கிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களின் வேலை.

தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

நோட்டின் முதல் பக்கத்தில் குழந்தை பிறந்த தேதி, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை எழுதுங்கள். பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கும்; காணாமல் போயிருந்தால் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டு நகல் பெறலாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், இரண்டு வயது வரை எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட்டுத்தான் வளர்ச்சி வரைபடத்தில் (வயதுக்கேற்ற எடை, உயரக் கோடுகள் அச்சிட்ட தாள்) புள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தால், எட்டு வாரம் முன்பே பிறந்த குழந்தை முதல் வருடம் முழுவதும் உள்ளதைவிட அதிகம் பின்தங்கியதாகத் தெரியும்.

அப்பா, அம்மா இருவரின் உயரத்தையும் உண்மையிலேயே அளந்து எழுதுங்கள். வாயால் சொல்லும் உயரம் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகவே இருக்கும். இருவரின் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, பெண் குழந்தையானால் 6.5 கழிக்க வேண்டும். ஆண் குழந்தையானால் 6.5 கூட்ட வேண்டும். தந்தை 168, தாய் 154 சென்டிமீட்டர் என்றால் மகளுக்கு 154.5, மகனுக்கு 167.5 என்று வரும். சின்ட்ரோம் உள்ள குழந்தை அந்த உயரத்தை எட்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குடும்ப உயரத்திலிருந்து குழந்தை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மருத்துவர் கணிக்க இது உதவும்.

எடை

எடை பார்ப்பது எளிது என்பதாலேயே அதில் தவறுகள் மிகுதி. மருந்துக் கடை வாசலிலும் ரயில் நிலையத்திலும் நிற்கும் இயந்திரங்களை இதற்கு நம்ப வேண்டாம். வீட்டில் ஒரே டிஜிட்டல் இயந்திரம், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரு ஜட்டியோடு மட்டும் என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொலுசு, வளையல், வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு வெள்ளிக் கொலுசின் எடையும் ஒரு கணக்குத்தான். அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் பாட்டி சம்மதிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதோடேயே எடை போட்டு, அப்படியே எழுதிவையுங்கள்.

கைக்குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தன் எடையைக் கழிக்கும் முறையில் 100, 200 கிராம் பிசகுவது இயல்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தப் பிசகு மிகப் பெரியது என்பதால், பத்துப் பத்து கிராமாகக் காட்டும் குழந்தை எடை இயந்திரத்தில் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்ப்பதே முறை.

உயரம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் கோடு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் நிற்க வைத்து உயரம் அளக்க வேண்டும். ஒரே குழந்தையை ஒரே நாளில் இரண்டு முறையிலும் அளந்தால், படுத்த நீளம் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். எனவே முறை மாறும் மாதத்தில் கோடு சற்றுக் கீழே இறங்கியதுபோல் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. எந்த முறையில் அளந்தோம் என்பதை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால் போதும். படுத்த நீளத்தைச் சரியாக எடுக்க அளவுப்பலகையும் இரண்டு பேரும் தேவை: ஒருவர் தலையைத் தலைப்பலகையில் படும்படி பிடிக்க, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நேராக்கிப் பாதங்களைக் கால்பலகையில் பொருத்த வேண்டும். வீட்டில் கட்டிலின் மேல் இஞ்சு டேப்பை நீட்டி எடுக்கும் நீளத்தால் பயனில்லை. அந்த வயதில் எடையையும் தலைச் சுற்றளவையும் வீட்டில் பார்த்துக்கொண்டு, நீளத்தை மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள்.

நிற்க வைத்து அளப்பதற்கு முதல் தேவை நல்ல சுவர். நம் வீடுகளில் சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் என்று கொத்தனார்கள் சொல்லும் டைல்ஸ் பட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னே துருத்திக்கொண்டிருக்கும். குதிகால் அதில் இடித்து நின்றால் முதுகு சுவரில் படியாது. பட்டையில்லாத சுவரோ, கதவு நிலையோ, பீரோவின் பக்கவாட்டுத் தகடோ நல்லது. தண்ணீர் ஓட வாட்டம் விட்ட தரையில் அளக்க வேண்டாம். தையல் டேப் நாளடைவில் இழுபட்டு நீளும். நீளாத உலோக டேப்பைத் தரையிலிருந்து செங்குத்தாக ஒட்டி, அதை அந்த இடத்திலிருந்து பெயர்க்காமல் வைத்திருங்கள்.

குழந்தையின் காலணி, காலுறை இரண்டையும் கழற்றி, பின்னலையும் கொண்டையையும் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை சுவரைத் தொட வேண்டும். சில்வர்-ரஸ்ஸல் குழந்தைகளைப் போலத் தலை பெரிதாக உள்ளவர்களுக்கு நான்கும் சேர்ந்து படாமல் போகலாம். அப்போது தலையை வற்புறுத்திப் பின்னே தள்ளக் கூடாது. கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருப்பதே இங்கு முக்கியம். தலைமேல் வைக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தைவிடத் தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டம் சிறந்தது, ஏனெனில் அது சாயாமல் சுவரோடு செங்கோணத்தில் நிற்கும். மில்லிமீட்டர் வரை படியுங்கள். குழந்தையை நகர்ந்துவிட்டு வந்து மீண்டும் நிற்கச் சொல்லி, மொத்தம் மூன்று முறை அளந்து சராசரியை எழுதுங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையே அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் அன்றைய நிலையில் ஏதோ பிழை இருக்கிறது; இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் முழுவதும் நின்று நடப்பதால் முதுகெலும்பு இடைவெளிகள் அழுந்தி, மாலை உயரம் காலை உயரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம். ஒரு முறை காலையிலும் மறுமுறை மாலையிலும் அளந்தால், வளர்ந்த குழந்தை வளராததுபோல் தெரியும். எங்கள் மகளுக்கு மூன்றரை வயதில் ஒரு கிளினிக்கில் எழுதிய உயரம், மூன்று மாதத்துக்கு முந்தைய உயரத்தைவிட 1.4 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. குழந்தை குட்டையாக முடியாது என்பது தெரிந்தும் அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை. முந்தைய முறை செருப்போடு நிறுத்தி அளந்திருந்தார்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அதிலிருந்து எங்கே அளந்தாலும், அளந்தவர் யார், எந்த நேரம், காலணி இருந்ததா என்பதையும் எழுதுகிறோம்.

கால்களின் நீளம் வேறுபட்டால், மருத்துவரின் ஆலோசனைப்படி குட்டையான காலின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்து, இடுப்பு சமமானபின் அளக்க வேண்டும். பலகையின் கனத்தையும் குறிக்க வேண்டும். முதுகு வளைந்திருந்தாலோ மூட்டுகள் நீட்ட முடியாமல் இறுகியிருந்தாலோ நின்ற உயரம் பொய் சொல்லும். அத்தகைய குழந்தைகளுக்கு இரு கைகளையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை எடுக்கும் அளவையும், முழங்கால் உயரத்தையும் மருத்துவர்கள் பின்பற்றுவார்கள்.

தலைச் சுற்றளவை மூன்று வயது வரையாவது பதியுங்கள். புருவத்துக்குச் சற்று மேலும், பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தின் வழியாகவும் டேப் செல்ல வேண்டும்; மூன்று முறை எடுத்து, கிடைத்ததில் பெரிய அளவை எழுத வேண்டும். அகாண்ட்ரோபிளேசியா (கை கால் எலும்புகள் குட்டையாக வளரும் மரபணுக் குறைபாடு) உள்ள குழந்தைகளுக்கு மூளைக்குள் நீர் சேரும் அபாயம் இருப்பதால் இந்த அளவு மிகமிக முக்கியம். அதற்கென்றே உள்ள தலை வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.

எந்த வரைபடம்

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடங்கள் ஐந்து வயது வரைக்குமானவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கியவை. ஐந்து முதல் பதினெட்டு வயது வரை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வரைபடத்தை நம் ஊர் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இவை தவிர, டர்னர், டவுன், பிரேடர்-வில்லி, நூனன், அகாண்ட்ரோபிளேசியா, சில்வர்-ரஸ்ஸல் போன்ற, வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு நிலைகளுக்குத் தனித்தனி வரைபடங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து வந்தவை. எனவே அவை காட்டும் உயரத்தை நம் குழந்தைக்கு விதித்த இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு வரைபடங்களிலும் புள்ளி வையுங்கள் என்பதே என் கருத்து. சின்ட்ரோமுக்கான வரைபடம், இதே நிலையில் உள்ள மற்றக் குழந்தைகளோடு நம் குழந்தை எங்கே நிற்கிறது என்று காட்டும். பொது வரைபடம், சின்ட்ரோமைத் தவிர வேறு ஏதேனும் நேர்கிறதா என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால், அதிகப் பயமோ அதிக நிம்மதியோ வந்துவிடுகிறது.

பொது வரைபடத்தில் நம் குழந்தையின் புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே விழும்போது மனம் உடைவது இயற்கை. அங்கே உதவுவது இசட் ஸ்கோர். அந்த வயதின் நடு உயரத்திலிருந்து குழந்தை எத்தனை படி கீழே அல்லது மேலே இருக்கிறது என்பதை அது சொல்லும். படி என்பது, அந்த வயதுக் குழந்தைகளின் உயரம் நடுவிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு. நான்கு வயதுச் சிறுமியின் நடு உயரம் உலக சுகாதார நிறுவன அளவுப்படி 102.7 சென்டிமீட்டர், ஒரு படி ஏறத்தாழ 4.3. அந்த வயதில் 90 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஏறக்குறைய மைனஸ் 3-இல் இருக்கிறது. ஐந்து வயதில் நடு உயரம் 109.4, ஒரு படி ஏறத்தாழ 4.75. அப்போது அதே குழந்தை 97 சென்டிமீட்டர் ஆகியிருந்தால் ஏறக்குறைய மைனஸ் 2.6. இரண்டு புள்ளிகளும் சாதாரணக் கோடுகளுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனாலும் குழந்தை ஏறி வந்திருக்கிறது. கண்ணால் வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஏற்றம் தெரிந்திருக்காது.

அங்கன்வாடியில் எடை பார்த்து, மஞ்சளிலோ சிவப்பிலோ புள்ளி விழுந்தால், ஊட்டச்சத்துக் குறைவு என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் செய்வது தவறில்லை. அவர்களின் வேலையே அதுதான். மருத்துவரிடம் குழந்தையின் நோய் இன்னதென்று எழுதிய கடிதம் ஒன்று வாங்கி, அங்கன்வாடிப் பணியாளரிடம் நகல் கொடுத்து வையுங்கள்.

வளர்ச்சி வேகம்

ஓராண்டில் எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறது என்பதே வேகம். சாதாரணமாகக் குழந்தைகள் முதல் வருடத்தில் சுமார் 25, இரண்டாம் வருடத்தில் சுமார் 12, நான்கு வயதுக்குப் பிறகு பருவமடையும் வரை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். கணக்கு எளியது: இரண்டு உயரங்களின் வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, இடையிலுள்ள மாதங்களால் வகுக்க வேண்டும். ஜனவரி 10-இல் 92.4, ஜூலை 10-இல் 94.9 என்றால் ஆறு மாதத்தில் 2.5, ஆண்டுக்கு 5. ஆனால் ஒவ்வொரு முனையிலும் அரை சென்டிமீட்டர் பிழை இருந்தால் இதே கணக்கு 3 என்றும் வரலாம், 7 என்றும் வரலாம். ஒரு மாத இடைவெளியில் வேகம் கணக்கிடுவது வீண் என்பதற்கு இதுவே காரணம். வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் எடுங்கள். வேகத்தை ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளியில், முடிந்தால் ஓராண்டுக்கு, கணக்கிடுங்கள். வாரந்தோறும் குழந்தையைச் சுவரில் நிறுத்துவதால் குழந்தைக்கும் வேதனை, நமக்கும் வேதனை.

எடைக்கோட்டைப் படிப்பது

எங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பியது குழந்தை சதை பிடிக்க வேண்டும் என்பதையே. நெய்யும் வாழைப்பழமும் சத்துமாவுக் கஞ்சியும் வேளைக்கொன்றாக வந்தன. கல்யாண வீடுகளில் யாராவது குழந்தையைத் தூக்கிப் பார்த்து, இன்னும் இளைத்தே இருக்கிறதே என்று சொல்லாமல் விட்டதில்லை. சில்வர்-ரஸ்ஸலில் சிறு வயதில் போதிய உணவு சேராததும், நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை அளவு இறங்கிவிடுவதும் உண்மையான ஆபத்துகள். காய்ச்சல், வாந்தி வந்த நாளில் மருத்துவர் சொன்னபடி சிறுநீரில் கீட்டோன் பட்டை (சர்க்கரை போதாமல் உடல் கொழுப்பை எரிப்பதைக் காட்டும் சோதனைப் பட்டை) வைத்துப் பார்ப்பதும் எங்களுக்கு வழக்கமாயிற்று. ஆனால் எடை வேகமாக ஏறுவதும் நல்லதில்லை என்று எங்கள் மருத்துவர் உறுதியாகச் சொன்னார். வேகமாகக் கொழுப்பு சேர்ந்தால் எலும்பு வயது, அதாவது எலும்புகளின் முதிர்ச்சி, உண்மை வயதைவிட முன்னே ஓடும், பருவமடைதல் முன்கூட்டியே தொடங்கலாம், பிற்காலத்தில் இன்சுலின் சிக்கலும் வரலாம். ஆகையால் எடையை வயதோடு மட்டும் பார்க்காமல், உயரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிரேடர்-வில்லியில் கதை வேறு. கைக்குழந்தைப் பருவத்தில் தசை தளர்ந்து, பால் உறிஞ்சவே முடியாமல் எடைக்கோடு கீழே கிடக்கும். ஏறத்தாழ இரண்டு வயதை ஒட்டி, உணவு கூடாமலேயே எடை ஏறத் தொடங்கும். அடங்காத பசி அதற்குப் பிறகுதான் வரும். ஏறுவதைக் கண்டு மகிழ்ந்திருக்கும் நேரத்தில்தான் உணவுத் திட்டம் மாற வேண்டியிருக்கும். சோட்டோஸ் போன்ற சின்ட்ரோம்களில் குழந்தை வயதுக்கு மீறி வளர்வதால், அங்கும் கோடு தேவை.

எப்போது உடனே பேச வேண்டும்

நான்கு வயதுக்குப் பிறகு ஓராண்டில் நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால், அடுத்தடுத்த இரண்டு முறை எடை குறைந்தால், தலைச் சுற்றளவு கோடுகளைத் தாண்டி ஏறினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். திடீரென்று உயரம் வேகமெடுத்தாலும் கேளுங்கள். பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சியும், ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன் பருவமடைதலின் அறிகுறிகளும் தோன்றினால் அதுவும் காரணமாக இருக்கலாம். இடது கை, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். சின்ட்ரோம் குழந்தை என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வாக்கியத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். டவுன், டர்னர் குழந்தைகளுக்குத் தைராய்டு குறைபாடும், கோதுமையிலுள்ள பசைச்சத்து ஒவ்வாத சீலியாக் நோயும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் வருகின்றன. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், தீராத நோய்த்தொற்றும் வளர்ச்சியைத் தடுக்கும். இவையெல்லாம் கண்டறிந்து மருத்துவம் பார்க்கக்கூடியவை. தன் கோட்டிலிருந்தே குழந்தை விலகுகிறது என்றால், அதற்குச் சின்ட்ரோம் என்ற சொல் மட்டும் பதிலாகாது; தைராய்டு பார்த்தீர்களா, இரத்தச் சோகை பார்த்தீர்களா என்று மரியாதையோடு, ஆனால் விடாமல் கேட்கலாம்.

மருத்துவமனையில்

சென்னையில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் சிறப்பு மையமாக உள்ளது எழும்பூர் ஹால்ஸ் சாலையிலுள்ள குழந்தைகள் நல மருத்துவமனை. அந்தக் கொள்கை 2021-இல் வந்தது. டர்னர், பிரேடர்-வில்லி ஆகியவற்றுக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை அதன் பட்டியலில் உண்டு. உங்கள் குழந்தையின் நோய் பட்டியலில் வருகிறதா என்பதை மரபியல் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

சந்திப்புக்குப் போகும்போது நோட்டோடு, வரைபடத்தின் நகல் ஒன்றையும் பிளாஸ்டிக் கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் முதல் நோட்டின் பாதி நனைந்து அழிந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறோம். அங்கே எடுக்கும் அளவு வீட்டு அளவோடு ஒத்துவராவிட்டால், இன்னொரு முறை அளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். மருத்துவர் எழுதும் அளவுக்குக் கீழே அன்றைய வீட்டு அளவையும் எழுதி, எது எங்கே எடுத்தது என்று குறித்துவிடுங்கள்.

அளக்கும்போது குழந்தையின் முன் எண்ணை உரக்கச் சொல்வதை நாங்கள் ஐந்து வயதில் நிறுத்திவிட்டோம். அவள் இப்போது மூலைமட்டத்தைத் தானே எடுத்து வந்து கொடுக்கிறாள்; எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி, தேதியை மட்டும் தன் கையால் எழுதுகிறாள்.